கடைசிப் படுக்கையில் யார் முடிவெடுப்பது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

தீராத நோயாளி உயிரை முடித்துக்கொள்ள மருத்துவர் உதவலாமா என்ற விவாதம் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். நோய்த்தணிப்பு மருத்துவரும் வழக்கறிஞரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

டாக்டர் உதவியோடு உயிரை விடுவது இந்தியாவில் குற்றமா? வென்டிலேட்டரை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்கிறார்களே?

இரண்டுமே உண்மை. மூன்று வெவ்வேறு செயல்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இப்படித் தோன்றுகிறது. பயன் தராத சிகிச்சையைத் தொடங்காமல் இருப்பது அல்லது நிறுத்துவது முதலாவது. மருத்துவர் மருந்தை எழுதிக்கொடுக்க, நோயாளி தன் கையாலேயே எடுத்துக்கொள்வது இரண்டாவது. மருத்துவரே ஊசி போடுவது மூன்றாவது.

இந்தியாவில் முதலாவதுக்கு மட்டுமே அனுமதி. மும்பை செவிலியர் அருணா ஷான்பாக் வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கதவை லேசாகத் திறந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்றது. 2018 மார்ச் 9 அன்று 'காமன் காஸ்' என்ற தொண்டு அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பது வாழும் உரிமை பற்றிய அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சொல்லி, மருத்துவமனை அளவிலேயே முடிவெடுக்க வழிமுறை வகுத்தது. 2023 ஜனவரி 24 அன்று அந்த வழிமுறை எளிதாக்கப்பட்டது.

இரண்டாவது செயலைச் செய்யும் மருத்துவர் மீது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 108ஆம் பிரிவு பாயும். தற்கொலைக்கு உடந்தை என்ற இந்தக் குற்றத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறை. மூன்றாவதில், நோயாளி கேட்டுக்கொண்டதால் கொலைக்குற்றம் ஒரு படி குறைந்து 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' ஆகலாம். அதற்கு மேல் சட்டத்தில் இரக்கம் கிடையாது.

வென்டிலேட்டரை எடுத்தாலும் ஆள் இறக்கிறார், ஊசி போட்டாலும் இறக்கிறார். இதில் என்ன பெரிய நியாய வித்தியாசம்?

நல்ல கேள்வி. தத்துவத் துறையில் இது அரை நூற்றாண்டாக ஓடும் சண்டை. நீதிமன்றங்கள் மூன்று காரணங்கள் சொல்கின்றன. கருவியை எடுத்தால் மரணத்தை வரவழைப்பது நோய், ஊசியில் வரவழைப்பது மருந்து. கருவியை எடுக்கும் மருத்துவரின் நோக்கம் பயனற்ற துன்பத்தை நிறுத்துவது. நோயாளி எதிர்பாராமல் பிழைத்துக்கொண்டால் அவருக்கு அது தோல்வி இல்லை. மூன்றாவதுதான் பலமானது: என் உடம்புக்குள் குழாய் விடாதே என்று சொல்லும் உரிமை எவருக்கும் உண்டு. ஆனால் 'எனக்கு இதைச் செய்' என்று இன்னொருவரைக் கட்டாயப்படுத்தும் உரிமை அதிலிருந்து தானாக வந்துவிடாது.

முதல் இரண்டு காரணங்களும் நீதிபதிகள் நினைக்கிற அளவுக்குத் திடமானவை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுவாசத் தசைகள் செயலிழந்து, முழு நினைவோடு இருக்கும் ஒருவரின் கருவியை அவர் கேட்டபடி எடுக்கும்போது என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருக்கிறது. அங்கே 'நோய்தான் கொன்றது' என்பது சட்டத்துக்கு வசதியான பேச்சு. மூன்றாவது காரணம் மட்டும் அங்கேயும் நிற்கும்.

இதோடு சேர்த்து ஒன்று. வலிக்கு மார்ஃபின் கொடுப்பதையும் சிலர் மெதுவான கருணைக்கொலை என்கிறார்கள். வலியின் அளவைப் பார்த்துப் படிப்படியாக ஏற்றப்படும் மார்ஃபின் ஆயுளைக் குறைப்பதில்லை. கடைசி டோஸும் மரணமும் அடுத்தடுத்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம்போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

வெளிநாடுகளில் இதைச் சட்டமாக்கி ஆண்டுக்கணக்காகிறது. ஒரு படி விட்டால் எல்லை அடுத்தடுத்து தளர்ந்துகொண்டே போகும், இது வழுக்குப் பாறை என்று பயமுறுத்தினார்களே, வழுக்கியதா?

இடத்துக்கு இடம் மாறுகிறது. எங்கே வழுக்கியது, எங்கே வழுக்கவில்லை என்று பார்த்தால்தான் விவாதத்துக்குப் பயன்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலச் சட்டம் 1997இல் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மரணம் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், வாய்மொழியாக இரண்டு முறையும் எழுத்தில் ஒரு முறையும் கேட்க வேண்டும், மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வாய்மொழிக் கோரிக்கைகளுக்கும் இடையே இருந்த 15 நாள் காத்திருப்பைச் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு 2020இல் தளர்த்தினார்கள். அந்த மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2023இல் நீக்கினார்கள். ஆனால் 'ஆறு மாதம்' என்ற மைய நிபந்தனை அசையவில்லை. மருந்துச் சீட்டு வாங்கியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அதை உட்கொள்வதே இல்லை. கையில் இருக்கிறது என்ற தெம்பே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

கனடா கதை வேறு. 2015இல் அங்கே உச்ச நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2016இல் வந்த சட்டம், இயல்பான மரணம் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்றது. 2019இல் க்யூபெக் நீதிமன்றம் ஒன்று அந்த நிபந்தனை செல்லாது என்றது. 2021இல் நாடாளுமன்றம் அதை நீக்கியது. இப்போது மரணம் நெருங்காதவர்களும் குறைந்தது 90 நாள் மதிப்பீட்டுக்குப் பிறகு கேட்கலாம். மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கு அனுமதிப்பதை 2027 மார்ச் வரை தள்ளிவைத்திருக்கிறார்கள். 2023இல் அங்கே இந்த வழியில் இறந்தவர்கள் 15,343 பேர், மொத்த மரணங்களில் சுமார் 4.7 விழுக்காடு. நெதர்லாந்திலும் (சட்டம் 2002இல் நடைமுறைக்கு வந்தது) அதே 2023இல் ஐந்து விழுக்காட்டுக்குச் சற்று மேல்.

எங்கள் கணிப்பு இது: சட்டத்தின் அடிப்படை 'நெருங்கிவிட்ட மரணம்' என்றால் எல்லை பெரும்பாலும் நிற்கிறது. 'தாங்க முடியாத துன்பம்' என்று வைத்தால் அது நகர்கிறது. துன்பம்தான் அளவுகோல் என்றால், நாளை சாகப்போகிறவருக்கு ஒரு நியாயம், இன்னும் இருபது ஆண்டு இதே துன்பத்தைச் சுமக்கப்போகிறவருக்கு வேறு நியாயமா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. கனடா நகர்ந்தது கெட்ட எண்ணத்தால் அல்ல, தர்க்கத்தால்.

ஆறு மாதக் கணக்கும் கல்லில் எழுதியதல்ல. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தை ஓரளவு கணிக்கலாம். இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய் இரண்டும் ஏறி இறங்கிப் போகும். அங்கே மருத்துவர் சொல்லும் நாள் கணக்கு அடிக்கடி தவறும்.

தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களை முடித்துவிடும் கொடுமை பற்றிக் கேள்விப்படுகிறோம். இப்படிப்பட்ட ஊரில் இந்தச் சட்டம் வந்தால் என்ன ஆகும்?

தமிழ்நாட்டில் இந்த விவாதம் நடக்கும்போது முதலில் எழ வேண்டிய கேள்வி இது. ஆனால் ஆங்கிலத்தில் நடக்கும் விவாதத்தை அப்படியே எடுத்துவைத்துப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை. தலைக்கூத்தலில் முதியவரின் விருப்பம் என்ற பேச்சுக்கே இடமில்லை, அது கொலை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் பார்க்க ஆள் இல்லாமை, வைத்தியச் செலவு, சொத்து, 'இன்னும் எத்தனை நாளைக்கு' என்ற முணுமுணுப்பு ஆகிய எல்லாம், கையெழுத்து வாங்கும் சட்டம் வந்தாலும் அதே வீட்டில்தான் இருக்கும். 'பிள்ளைகளுக்குப் பாரமாக இருக்கக் கூடாது' என்று ஒரு பாட்டி சொன்னால், அது அவரது சுதந்திரமான முடிவா, ஆறு மாதமாகக் காதில் விழுந்த பேச்சின் எதிரொலியா என்று இரண்டு மருத்துவர்கள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட முடியாது.

ஒரிகனிலேயே இந்த ஓட்டை இருக்கிறது. எழுத்துக் கோரிக்கைக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். அவர்களில் ஒருவராவது உறவினராகவோ வாரிசாகவோ இருக்கக் கூடாது. அப்படியென்றால் மற்றவர் வாரிசாகவே இருக்கலாம். மருந்தை எடுத்துக்கொள்ளும் நேரத்தில் வெளியாள் யாரும் உடனிருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நியூசிலாந்தில் 2021இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு: இந்தப் பேச்சை மருத்துவர் முதலில் எடுக்கவே கூடாது, நோயாளிதான் எடுக்க வேண்டும்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் செய்வோம். மூடிய கதவுக்குள் நடப்பதைவிட, பதிவேடும் இரண்டு மருத்துவர்களும் சாட்சிகளும் உள்ள முறை முதியவரைக் காப்பாற்றவும் கூடும் என்கிறார்கள். குடும்பத்தினர் இல்லாமல் தனியாக, வெவ்வேறு நாட்களில், உறவினர் அல்லாத மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேச வேண்டும். 'செலவுக்குப் பணமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் இதையே கேட்பீர்களா' என்று நேராகக் கேட்க வேண்டும். இதைச் செய்ய ஆளும் நேரமும் உள்ள மருத்துவ ஏற்பாடு இருந்தால் அந்த வாதம் செல்லும். புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு இரண்டு நிமிடம் கிடைக்கும் நிலையில் அதை நாங்கள் ஏற்கத் தயாரில்லை.

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் உயிர் விட்டான். சமணர்கள் சல்லேகனை என்று உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார்கள். நம் மரபே இதை ஏற்கிறதே?

சோழன் வடக்கிருந்தது நோய்க்காக அல்ல, மானத்துக்காக. அங்கே மருத்துவரும் இல்லை. ஆகவே இந்த விவாதத்துக்கு அது உதவாது. சல்லேகனையைத் தற்கொலை என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 2015 ஆகஸ்டில் சொன்னது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

என் தோழிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. தினமும் 'ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடச் சொல்லு' என்கிறாள். நான் என்ன சொல்வது?

'அப்படியெல்லாம் பேசாதே' என்று மட்டும் சொல்லாதீர்கள்; அதோடு அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார், எண்ணம் நிற்காது. 'இப்போது எது ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது' என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் குறிப்பான ஒன்றாக இருக்கும்: இரவு வலி, மூச்சுத்திணறல், புண்ணின் நாற்றம், கழிப்பறைக்கு இன்னொருவர் தூக்கிச் செல்வது, பெண்ணின் கல்யாணம். இவற்றில் பாதிக்கு மேல் வைத்தியம் உண்டு. நாற்றத்துக்குக்கூட உண்டு: மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது நோய்த்தணிப்புப் பிரிவுகளில் தினசரி வேலை.

வலி அடங்காததற்கு வழக்கமான காரணம், மருந்தை 'வலித்தால் போடு' என்று கொடுப்பதுதான். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை சுமார் நான்கு மணி நேரம். அதனால் வலி திரும்பும் முன்பே, கடிகாரம் பார்த்து அடுத்தது போக வேண்டும். இடையில் வலி கிளம்பினால் கூடுதல் டோஸ் எவ்வளவு என்று மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். மலச்சிக்கல் அநேகமாக எல்லோருக்கும் வரும். மலமிளக்கி இல்லாத மார்ஃபின் சீட்டு பாதிச் சீட்டு. குமட்டலும் தூக்கக் கலக்கமும் சில நாளில் குறையும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவும் இடைவெளியும் மாறும். ஆகவே அக்கம்பக்கத்தில் கிடைத்த மாத்திரையைக் கொடுக்காதீர்கள். அடிமையாகிவிடுவார் என்ற பயத்தில் குடும்பத்தாரே மாத்திரையை ஒளித்துவைப்பது இன்னொரு தொல்லை. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கும்போது அந்தப் பயம் தேவையில்லை.

போதைப்பொருள் சட்டத்தை 2014இல் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் மார்ஃபின் வைத்துக்கொள்வதை எளிதாக்கினார்கள். அப்படியும் பல மருத்துவமனைகள் விண்ணப்பிப்பதே இல்லை. உங்கள் மருத்துவமனையில் இல்லை என்றால், நோய்த்தணிப்புப் பிரிவு உள்ள இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

மனச்சோர்வு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இந்த நோயில் சோகம் இயல்புதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் எதிலும் பிடிப்பில்லாமை, குற்றவுணர்ச்சி, விடியலில் விழிப்பு எல்லாம் சேர்ந்தால் அது தனியாக மருந்துக்குக் கட்டுப்படும் நோய். சாக வேண்டும் என்ற விருப்பம் கடைசிக் காலத்திலும் வாரத்துக்கு வாரம் மாறும். அதுவரை மருந்துகள் அவர் கைக்கெட்டும் இடத்தில் இல்லாமல், பார்த்துக்கொள்பவரிடம் இருக்கட்டும். இரவில் நிலைமை கைமீறினால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். உங்களுக்குத் தாங்கவில்லை என்றாலும் அதே எண்தான்.

வயது 68. கடைசியில் டியூப், வென்டிலேட்டர் எதுவும் வேண்டாம் என்று இப்போதே எழுதிவைக்க விரும்புகிறேன். எப்படிச் செய்வது?

இதற்கு லிவிங் வில் என்று பெயர். 18 வயது நிரம்பிய, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். தீர்ப்பு முத்திரைத்தாள் கேட்கவில்லை. உங்களோடு சேர்ந்து இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். அவர்கள் சார்பற்றவர்களாக இருப்பது நல்லது. பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அலுவலர் முன்னிலையில் சான்று பெற வேண்டும். 2018 விதிப்படி முதல் வகுப்பு நீதித்துறை நடுவரே மேலொப்பம் இட வேண்டியிருந்தது. அதனால்தான் ஐந்து ஆண்டில் மிகச் சிலரே எழுதினார்கள். 2023இல் அது போய்விட்டது.

உங்களால் பேச முடியாதபோது உங்களுக்காக முடிவெடுக்க ஒருவரையோ பலரையோ பெயர் குறிப்பிட வேண்டும். பலரைப் போட்டால் வரிசையையும் எழுதுங்கள், இல்லையென்றால் ஐ.சி.யூ. வாசலில் அண்ணனும் தம்பியும் சண்டை போடுவார்கள். பாசம் அதிகம் உள்ளவரைவிட, அழுத்தம் வந்தாலும் உங்கள் சொல்லைச் சொல்லக்கூடியவரே இதற்குச் சரி. எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் ரத்து செய்யலாம், விளைவு புரிந்துதான் எழுதுகிறேன் என்ற இரண்டு வரிகளும் ஆவணத்தில் இருக்கட்டும். ஒன்றுக்கு மேல் எழுதியிருந்தால் கடைசியாக எழுதியதே செல்லும்.

பிசகுவது வாசகத்தில்தான். 'நான் இழுத்துக்கொண்டு கிடக்க விரும்பவில்லை' என்று எழுதினால் எந்த மருத்துவருக்கும் அது பயன்படாது. நிமோனியாவுக்கு மூன்று நாள் வென்டிலேட்டரில் இருந்து எழுந்து நடந்து போகிறவர்கள் ஏராளம். அதையும் வேண்டாம் என்கிறீர்களா? நிலைமையைத் தனியாகவும் சிகிச்சையைத் தனியாகவும் எழுதுங்கள். நிலைமை: குணமாகாத நோயின் இறுதிக் கட்டம், மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர்கள் சொல்லும் நினைவிழப்பு, முற்றிய மறதிநோய். சிகிச்சை: நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தல், வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்கு வழி உணவுக் குழாய், மீண்டும் ஐ.சி.யூ. சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம், 'இத்தனை நாள் முயன்று பார்த்துப் பலனில்லை என்றால் நிறுத்துக' என்ற மூன்றில் ஒன்று. இந்த மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், ஐ.சி.யூ. மருத்துவருக்கு அதுதான் அதிகம் உதவும். வலி நிவாரணம், மூச்சுத்திணறலுக்கு மருந்து, வாய் சுத்தம் இவை எந்த நிலையிலும் தொடர வேண்டும் என்றும் ஒரு வரி எழுதுங்கள்.

நகல்கள்: பெயர் குறிப்பிட்டவர்களுக்கு, குடும்ப மருத்துவருக்கு, உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு அலுவலருக்கு. உள்ளாட்சி அலுவலகத்தில் இதை வாங்கிக்கொள்ள ஆள் யார் என்று தெரியாமல் விழிப்பார்கள். தயங்காமல் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். பீரோவில் பூட்டிவைத்த ஆவணம் நள்ளிரவு இரண்டு மணிக்கு உதவாது. செல்போனில் ஒரு படம் இருக்கட்டும்.

அப்பா மூன்று வாரமாக ஐ.சி.யூ.வில். எதுவும் எழுதிவைக்கவில்லை. 'இனி பயனில்லை, கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அழைத்துப் போங்கள்' என்கிறார்கள். சரியா?

மருத்துவ ஆலோசனைக்கு மாறாகக் கூட்டிச் செல்கிறோம் என்ற தாளில் கையெழுத்து வாங்குவது நாடு முழுக்க நடக்கிறது. ஆலோசனை சொன்னது அவர்கள். தாளில் மட்டும் அது உங்கள் பிடிவாதமாகிவிடுகிறது. கருவியை ஆம்புலன்ஸிலோ வீட்டு வாசலிலோ எடுக்கிறார்கள். மூச்சுத்திணறலுக்கு மருந்து கொடுக்க அங்கே யாரும் இருப்பதில்லை. மருத்துவமனைக்குக் கை சுத்தம், அப்பாவுக்குக் கடைசி மணி நேரம் நரகம்.

ஆவணம் இல்லாவிட்டாலும் முறையான வழி இருக்கிறது. மருத்துவமனை முதல்நிலை மருத்துவக் குழு அமைக்க வேண்டும்: சிகிச்சை தரும் மருத்துவர், கூடவே ஐந்தாண்டு அனுபவமுள்ள துறை நிபுணர்கள் குறைந்தது இருவர். குடும்பத்தாரிடம் பேசி, முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாம்நிலைக் குழு: மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவர், முதல் குழுவில் இல்லாத நிபுணர்கள் இருவர். இவர்களுக்கும் 48 மணி நேரமே இலக்கு. நெருங்கிய உறவினரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நிறைவேற்றும் முன் நீதித்துறை நடுவருக்குத் தகவல் தர வேண்டும். தகவல்தான், அனுமதி அல்ல. இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம்.

நடைமுறையில் தடங்கல் அந்த ஒரு நியமன மருத்துவரில்தான் வரும். பல மாவட்டங்களில் பட்டியலே தயாராக இருப்பதில்லை. கர்நாடகம் 2025 ஜனவரியில் இதற்கென்று அரசாணை போட்டது. ஆகவே எழுத்தில் கேளுங்கள்: 'முதல்நிலைக் குழுவைக் கூட்டக் கோருகிறோம்' என்று மருத்துவக் கண்காணிப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம், தேதியுடன், பெறுகை முத்திரையுடன். கடிதம் போனதும் பேச்சின் தொனி மாறுவதைப் பார்ப்பீர்கள். வீட்டில்தான் இறக்க வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம் என்றால் தாராளமாக அழைத்துப் போங்கள். ஆனால் மூச்சுத்திணறலுக்கும் வலிக்கும் அமைதியின்மைக்கும் மருந்துச் சீட்டு, அதைக் கொடுக்கத் தெரிந்த செவிலியரின் எண், மரணச் சான்று தரும் மருத்துவர் யார் என்ற விவரம், நிலைமையைச் சரியாகச் சொல்லும் டிஸ்சார்ஜ் சம்மரி இந்த நான்கும் கையில் வராமல் கிளம்பாதீர்கள்.

சொத்து உயிலிலேயே இந்த லிவிங் வில்லையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டால் போதாதா?

போதாது. உயிலைத் திறப்பது நீங்கள் இறந்த பிறகு.